திறந்து காட்டக்கூடிய பை

கடந்த இரண்டு வருடத்தில் அக்காவின் மகன் கனடாவிலிருந்து எனக்கு இரண்டு பைகள் அனுப்பியிருக்கிறான். இரண்டும் நல்ல பைகள். விலையும் கூடத்தான் இருக்கும். இரண்டையும் நான் ஒரு நாள்கூட வேலைக்குக் கொண்டுபோகவில்லை.

முதலாவது ஒலிவ் பச்சை. மழைக்கு நனையாத தடித்த துணி. வெளிப்பக்கம் முழுக்க வரிசை வரிசையாகப் பட்டி தைத்திருந்தது. அந்தப் பட்டிகளில் தண்ணீர்ப் போத்தல், ரோச் லைற், முதலுதவிப் பெட்டி எல்லாவற்றையும் கொளுவலாமாம். “எமேர்ஜென்சி பாக் சித்தி. 72 மணித்தியாலத்துக்குத் தேவையானது எல்லாத்தையும் இதுக்குள்ள வைக்கலாம்” என்று வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தான். 72 மணித்தியாலம் என்பது அந்த நாட்டு அரசாங்கமே சனங்களுக்குச் சொல்லும் கணக்கு. பனிப்புயலோ வெள்ளமோ வந்தால் உதவி வந்துசேர மூன்று நாள் பிடிக்கலாம், அதுவரை உன்னை நீயே பார்த்துக்கொள் என்பது அதன் பொருள். நல்ல யோசனைதான். ஆனால் பிள்ளை ரொறன்ரோவில் பிறந்தவன். ஆமிக்காரரின் பை மாதிரி ஒன்றை முதுகில் போட்டுக்கொண்டு கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கும் ஒரு தமிழ்ப் பொம்பிளையை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது அவனுடைய யோசனைக்குள் வராது. வரவேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை.

“நிறம் கொஞ்சம் சரியில்லைத் தம்பி” என்று மட்டும் சொன்னேன்.

அவன் விளங்கிக்கொண்டான், அதாவது தன்னுடைய விதத்தில் விளங்கிக்கொண்டான். பேரிடருக்குத் தயாராவதையே ஒரு வேலையாக வைத்திருக்கிற ஆட்கள் அங்கே நிறையப் பேர். அவர்களுக்குள் ஒரு கொள்கை இருக்கிறதாம்: தயாராக இருப்பவன் தயாராக இருப்பவன் மாதிரித் தெரியக்கூடாது. உன்னிடம் தண்ணீரும் மருந்தும் இருப்பது தெரிந்தால் இல்லாதவன் வந்து பறிப்பான். ஆகவே கந்தோருக்குப் போகிற சாதாரணப் பை மாதிரி இருக்கவேண்டும். இரண்டாவது பை அப்படித்தான் வந்தது. கறுப்பு. பார்த்தால் மடிக்கணினிப் பை. வீடியோவில் அழைத்து ஒவ்வொன்றாகக் காட்டினான். முதுகில் படுகிற மெத்தைக்குப் பின்னால் ஒரு பொக்கற். அடித்தட்டைத் தூக்கினால் கீழே இன்னொன்று. தோள்பட்டிக்குள் காசு வைக்க ஒரு சிறு சிப்.

“ஒருத்தருக்கும் தெரியாது சித்தி” என்றான் பெருமையாக.

எனக்கு ஒலிவ் பச்சையைவிட அதுதான் பயமாக இருந்தது. பைக்குள் இருக்கிற சாமானைக் காட்டி இது என்ன என்று கேட்டால் எந்தச் சாமானுக்கும் ஏதோ ஒரு பதில் இருக்கும். அதை ஏன் ஒளித்து வைத்தாய் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? ஒளிப்பிடம் இருக்கிற பையில் பனடோல் காட்டையை ஒளித்து வைத்திருந்தால்கூட அது பனடோல் இல்லை. இதை அவனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “வடிவான பை” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆபத்துக்கு உதவும் சாமான்களை வேலைப் பையில், வெளியே தெரியாமல் கொண்டு திரிவது எப்படி என்பது எனக்குப் புதுக் கேள்வி இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இதைத்தான் யோசித்து வருகிறேன். அவர்களுக்குப் பறிக்க வருகிறவனை நினைத்துப் பயம். நான் பை வாங்கும்போது நினைத்துப் பார்ப்பது அதைத் திறந்து பார்க்கப் போகிற ஆளை.

அம்மாவிடம் ஒரு பை இருந்தது. அப்பா கந்தோருக்குக் கொண்டுபோன பழைய றெக்சின் பை. கைப்பிடி ஒன்று அறுந்து, தைத்து, திரும்ப அறுந்து, சணல் கயிறு கட்டியிருந்தது. கொக்குவில் வீட்டில் கதவுக்குப் பின்னால் குடைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். அதற்குள் காணி உறுதி, எங்கள் எல்லாருடைய பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் பென்சன் கடிதங்கள், வங்கிப் புத்தகம், ஒரு சோடி தோடு. ஒவ்வொன்றும் தனித்தனிச் சொப்பிங் பையில் சுற்றி, எல்லாவற்றுக்கும் மேலே அம்மாவின் கிழிந்த சேலை ஒன்று மடித்து வைத்திருக்கும். யாராவது திறந்தால் பழந்துணிப் பை என்று நினைக்கவேண்டும். பொம்மர் வந்தால் அந்தப் பையோடுதான் பங்கருக்குள் இறங்குவோம். என்னுடைய சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று அதையும் ஒரு சொப்பிங் பையில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு, “இப்பதான் பை முழுசாச்சு” என்றா.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது அந்தப் பைதான் வந்தது. அந்த இரவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நாவற்குழிப் பாலத்தில் சனம் நின்ற நெருக்கம், மழை, இருட்டு. இருட்டு என்பதில் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் நல்ல ரோச் லைற் ஒன்று இருந்தது. பற்றரி இல்லை. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குள் கொண்டுவரத் தடை செய்த சாமான்களில் பற்றரியும் ஒன்று. வருடக்கணக்காக ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டோம். அம்மா அந்த வெற்று ரோச்சையும் எடுத்துக்கொண்டு வந்தா. “போற இடத்தில பற்றரி கிடைக்கும்” என்றா. கிடைக்கவில்லை. ஆனால் றெக்சின் பைக்குள் ஒரு கடதாசிகூட நனையவில்லை.

ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தோம். 1998இல் நான் கொழும்புக்கு வெளிக்கிட்டேன், அந்தப் பரீட்சைப் பெறுபேற்றை எடுத்துக்கொண்டு. அப்போது தரைப் பாதை இல்லை. கப்பலில் திருகோணமலை வந்து, அங்கிருந்து பஸ். கப்பல் ஏறுவதற்கு முன்னால் பைகளைக் கொட்டிப் பார்ப்பார்கள். அம்மா கட்டித் தந்ததில் பினாட்டும் இருந்தது. பனம்பழக் களியைக் காயவைத்து எடுத்த, கபில நிறத் தட்டை. பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்தா. சோதித்த பெண் அதை விரித்துப் பார்த்தாள், மணந்து பார்த்தாள், தள்ளிப் பிடித்தாள். பாவம், அவளும் பினாட்டை முன்பின் கண்டிருக்கமாட்டாள். “மே மொகக்த?” இது என்ன என்கிறாள். எனக்கு அப்போது சிங்களம் வராது. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுச் சப்பிக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். என் பின்னால் நின்ற ஒரு வயதான அம்மா மெல்லமாகச் சொன்னா: “சுத்திக் கட்டாதையுங்கோ பிள்ளை. சுத்தினால்தான் கேட்பினம்.”

அதற்குப் பிறகு என் பைக்குள் நான் எதையும் சுற்றி வைத்ததில்லை.

கொழும்பில் வேலை கிடைத்தது கோட்டைப் பக்கம். 1996இல் மத்திய வங்கிக் குண்டு வெடித்த பிறகு அந்தப் பக்கமே தடைகளும் சாவடிகளுமாகத்தான் இருந்தது. வெள்ளவத்தையில் அறை. காலையில் பஸ், பின்னேரம் கடற்கரையோர ரயில். ஒரு நாளில் நாலு தரம் பை திறக்கிறது சாதாரணம். சிங்களம் பேசப் பழகியதும் கொஞ்சம் இலகுவாயிற்று. ஆனால் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கிறதே. அட்டையைப் பார்த்த பிறகு பையைப் பார்க்கிற பார்வை வேறு. அதே பைதான், ஆனால் கை ஆழமாகப் போகும்.

அந்த நாட்களில் எனக்கு எமேர்ஜென்சி என்றால் ஒன்றுதான். விசாரிக்கவென்று கூட்டிக்கொண்டு போய் ஒரு இரவோ இரண்டு இரவோ வைத்திருப்பது. எனக்குத் தெரிந்த எத்தனையோ பேருக்கு நடந்தது. பெரிதாக ஒன்றும் இராது, அடுத்த நாள் யாராவது வந்து கதைத்தால் விட்டுவிடுவார்கள். அந்த ஒரு இரவுக்குத்தான் தயாராகவேண்டும். ஆனால் ஒரு இரவுக்குத் தயாராக வந்திருக்கிறாள் என்பது பையைத் திறக்கிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால், ஏன் நீ பிடிபடுவாய் என்று எதிர்பார்த்தாய் என்று கேட்பார்.

ஆகவே ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பகல் நேரக் காரணம் வேண்டும். பல் தூரிகை இருந்தது. கேட்டால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பல் தீட்டுவேன் என்பது பதில். அது உண்மையும்தான், ஏனென்றால் அந்தப் பதிலுக்காகவே நான் ஒவ்வொரு நாளும் மத்தியானம் பல் தீட்டத் தொடங்கினேன். இன்றைக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை. பல் வைத்தியர் மெச்சுகிறார். மாற்று உள்ளாடை ஒரு சோடி, மாதவிடாய்த் துவாய்ப் பக்கற்றுக்குள். துவாய்ப் பக்கற் எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும். சிப்பைத் திறந்தவுடன் அதுதான் கண்ணில் படும். ஆண்கள் என்றால் அத்தோடு மூடிவிடுவார்கள். பெண்கள் அதைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பார்ப்பார்கள், ஆனால் அவர்களுடைய முகமும் கொஞ்சம் இளகும். ஒரு கிறீம் கிறாக்கர் பக்கற், உடைக்காதது. உடைத்த பக்கற்றுக்குள் என்னவும் இருக்கலாம். பனடோல், சித்தாலேப டப்பி. இரண்டு நாளைக்குக் காணக்கூடிய காசு, அதற்குமேல் இல்லை. கூடக் காசு இருந்தால் அது ஒரு கேள்வி.

பிறகு கடதாசிகள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவின் பிரதி, நான் இன்ன இடத்தில் இன்ன வேலை செய்கிறேன் என்று முத்திரை குத்திய சிங்களக் கடிதம். கடிதத்தை மடித்த மடிப்பில் கிழிந்துவிடும். வருடத்துக்கொரு தரம் புதிதாக எடுக்கவேண்டும். மனிதவளப் பிரிவில் இருந்தவர் நல்ல மனிதர், சிங்களவர். ஒவ்வொரு ஜனவரியிலும் நான் கேட்காமலே அடித்து வைத்திருப்பார்.

வைக்காமல் விட்டவை இவற்றைவிடக் கூட. தொலைபேசி இலக்கம் எழுதிய கொப்பி இல்லை. தேவையான இலக்கம் எல்லாம் மனப்பாடம். நாடகம் பேசுகிற மாதிரி இரவில் சொல்லிப் பார்ப்பேன். கமரா இல்லை. சின்ன வானொலி இல்லை, ஒற்றை வயர்த் துண்டு இல்லை. ரோச் லைற் இல்லவே இல்லை. பற்றரியும் வயரும் பல்பும் சேர்ந்த ஒன்றை நானாகக் காவிக்கொண்டு போவதா? யாழ்ப்பாணத்தில் பற்றரி கிடைக்காமல் இருட்டில் இருந்தேன். கொழும்பில் ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் பற்றரி தொங்கியது, பையில் வைக்கப் பயந்து இருட்டில் நடந்தேன். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் வீதி விளக்கு எரியாத இரவுகளில் சுவரைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

2002இல் சமாதானம் வந்தது, சாவடிகள் போயின, 2006இல் திரும்ப வந்தன. இரண்டாம் முறை மோசம். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். 376 பேர். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. நான் லொட்ஜில் இருக்கவில்லை, ஆனால் அந்தக் கிழமையிலிருந்து பை கதிரையின் காலில் மாட்டியபடி, சிப் பூட்டியபடிதான் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பையைப் பற்றிய பயம் சோதிக்கிறவர்களுக்கு மட்டும் இருந்ததில்லை. 2007 நவம்பரில் நுகேகொடையில் ஒரு கடை வாசலில் வைத்த பொதி வெடித்தது. 2008இல் பஸ்களில், ரயிலில். அந்த வருடம் மே 26ஆம் திகதி தெஹிவளையில் வெடித்தது நான் போய்வருகிற அதே பாதை ரயில். அதற்குப் பிறகு நானும் ஏறியவுடன் சாமான் தட்டைத்தான் பார்ப்பேன். ஒரு நாள் பஸ்ஸில் மேலே கறுப்புப் பை ஒன்று, கீழே இருந்தவர்கள் யாரும் தங்களுடையது இல்லை என்கிறார்கள். நடத்துநர் கத்துகிறார், பஸ் நிற்கிறது, எல்லாரும் இறங்கி ஓடுகிறோம். நானும் ஓடினேன். கடைசிச் சீற்றில் நித்திரையாகியிருந்த கிழவர் ஒருவர் எழும்பி வந்து, ஏன் எல்லாரும் வெளியே நிற்கிறீர்கள் என்று கேட்டார். பைக்குள் பாணும் சீனிச் சம்பலும். அவருக்கு அடி விழாதது புண்ணியம். அன்றிலிருந்து என் பையை மடியில்தான் வைத்தேன். தட்டில் வைத்தால் என் பை இன்னொருத்தருடைய பயம்.

யுத்தம் முடிந்து சாவடிகள் மெல்ல மெல்லப் போன பிறகு நான் முதல் வாங்கிய சாமான் ஒரு ரோச் லைற். விரல் அளவு. பையில் போட்டேன். ஒரு வாரம் அடிக்கடி கை விட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையில், கட்டுவாப்பிட்டியில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில், கொழும்பு ஹோட்டல்களில் முதுகுப் பையோடு வந்தவர்கள் வெடித்தார்கள். 250க்கு மேல் சனம். கட்டுவாப்பிட்டித் தேவாலயத்துக்குள் பெரிய முதுகுப் பையோடு நடந்து போகிற ஒருவன் வழியில் ஒரு குழந்தையின் தலையைத் தடவிவிட்டுப் போகிற காட்சியைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அதற்குப் பிறகு நாடு முழுக்க முதுகுப் பை என்பது ஒரு குற்றச் சாமான் மாதிரி ஆகிவிட்டது. கடைகளில், கந்தோர்களில், தேவாலயங்களில் வாசலிலேயே கழற்றி வைக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் திறந்தபோது பிள்ளைகள் சிலர் உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற பிளாஸ்டிக் பைகளோடு போனார்கள். கொப்பி, சாப்பாட்டுப் பெட்டி, பென்சில் பெட்டி எல்லாம் தெரிந்தது. எனக்கு அது விநோதமாகப் படவில்லை. என்னுடைய பையும் அத்தனை வருடம் அப்படித்தானே இருந்தது, பிளாஸ்டிக் இல்லை என்பதைத் தவிர.

எங்கள் கந்தோரில் கணக்குப் பிரிவில் ஒரு முஸ்லிம் பிள்ளை. என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. நாங்கள் இருவரும் மத்தியானம் பக்கத்துக் கட்டிடத்துக்குச் சாப்பாடு வாங்கப் போவோம். மே மாதம் ஒரு நாள் அந்தக் கட்டிடத்து வாசலில் என் பையைக் காவலாளி தடியால் ஒரு தட்டுத் தட்டிப் போக விட்டார். அட்டையையும் கேட்கவில்லை. பொட்டு வைத்திருந்தேன். அது போதும் போலிருந்தது. அவளுடைய பையை மேசையில் கொட்டச் சொன்னார்.

என்ன இல்லை அதற்குள்? மகனுக்கு நீரிழிவு, ஆகவே இன்சுலின் பேனா, ஊசி முனைகள், இரத்தம் பார்க்கிற கருவி. தலைச் சால்வைக்குக் குத்துகிற ஊசிகள் ஒரு டப்பி. போனுக்கு பவர் பாங்க், அதைச் சுற்றி மூன்று விதமான வயர். கையடக்கமான ஒரு துஆக் கிதாபு. லேபிள் இல்லாத சின்னப் போத்தலில் தண்ணீர். ஆஸ்பத்திரியில் இருக்கிற தாயாருக்குக் கொடுக்க வைத்திருந்த ஸம்ஸம் தண்ணீர். அது என்ன என்று கேட்டார். சொன்னாள். குடி என்றார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவள் மூடியைத் திறந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, நின்றபடி ஒரு மிடறு குடித்தாள். காவலாளிக்கும் வெட்கமாகத்தான் இருந்திருக்கவேண்டும், மிச்சத்தைப் பார்க்கவில்லை.

சாப்பிடும்போது அவள் ஒன்றும் கதைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நான்தான் தொடங்கினேன்.

“வாய் அகலமான பை ஒண்டு வாங்குங்கோ. ஒரு சிப்தான் இருக்கோணும். பக்கத்தில பொக்கற் வேண்டாம்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“மருந்துச் சாமான் எல்லாத்தையும் உள்ள தெரியிற பிளாஸ்டிக் உறையில போட்டு, டொக்டரின்ர துண்டையும் அதுக்குள்ளயே வையுங்கோ. கொப்பி எடுத்து வையுங்கோ, ஒரிஜினலைக் குடுத்திட்டால் திரும்பி வராது. பவர் பாங்கை எப்பவும் போனோட கொழுவியே வைச்சிருங்கோ. தனியா இருந்தால்தான் அது கட்டை, போனோட இருந்தால் அது சார்ஜர். தண்ணிக்கு லேபிள் இருக்கிற போத்தல். ஊசி டப்பிய ஒபிஸ் லாச்சியில விடுங்கோ.”

“கிதாபு?”

அதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. அரபு எழுத்து இருந்தாலே சந்தேகம் என்று கதை அடிபட்ட நாட்கள்.

“பாடம்தானே உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“பாடம்தான்” என்றாள். பிறகு, “அக்கா, ஒங்களுக்கு எப்புடி இதெல்லாம் தெரியும்?” என்று கேட்டாள். கேட்ட அந்தக் கணமே அவளுக்கும் தெரிந்துவிட்டது. பார்சலை மூடி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். 2007இல் அவள் பள்ளிக்கூடப் பிள்ளை.

அந்த வாரம் சனிக்கிழமை இருவரும் புறக்கோட்டைக்குப் போய் அவளுக்குப் பை பார்த்தோம். கறுப்பு வேண்டாம் என்றேன். கறுப்பு அபாயாவும் கறுப்புப் பையும் சேர்ந்தால் தூரத்திலிருந்தே கண் போகும். முதலில் கோபப்பட்டாள். “என் உடுப்புக்கும் பைக்கும் மத்தவன் கண்ணுதான் அளவுகோலா அக்கா?” நியாயமான கோபம். எனக்கு அவளுடைய வயதில் அந்தக் கோபம் வந்ததாக ஞாபகம் இல்லை. எனக்குச் சாவடிதான் உலகம், மழை மாதிரி, குடை பிடித்துக்கொண்டு போவது. கடைசியில் அவள் வாங்கியது கபில நிறப் பை, அகல வாய். துஆக் கிதாபையும் அதற்குள்தான் வைத்தாள், எல்லாவற்றுக்கும் மேலே. நான் ஒன்றும் சொல்லவில்லை.

2022 வந்தபோது நாட்டில் எல்லாரும் எங்கள் மாதிரி ஆனார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை, பாமசியில் மருந்து இல்லை. எங்கள் கந்தோரில் எல்லாருடைய பையிலும் ரோச், மெழுகுதிரி, பிஸ்கட். ரயிலில் ஒரு சிங்கள அம்மா பக்கத்துச் சீற்றில் இருந்தவருக்கு ஜாம் போத்தலில் விளக்குச் செய்வது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தா. திரி அவ்வளவு தடிப்பாக இருக்கக்கூடாது என்று சொல்ல எனக்கு வாய் உன்னியது. சொன்னேன். புகை பிடிக்கும், போத்தல் வெடிக்கும். அவ நன்றி சொன்னா, எங்கே பழகினாய் என்று கேட்கவில்லை.

மே 9ஆம் திகதி காலிமுகத்திடலில் போராட்டக்காரர்களைத் தாக்கி, பின்னேரம் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். பஸ் இல்லை. கடற்கரைப் பக்கம் போகாமல் உள் வீதிகளால் வெள்ளவத்தைக்கு நடந்தேன். ஏழெட்டுக் கிலோமீற்றர் இருக்கும். அத்தனை வருடத்தில் பை உண்மையாக உதவிய நாள் என்றால் அதுதான். அடியில் கிடந்த ரப்பர்ச் செருப்பை மாற்றிக்கொண்டேன். தண்ணீர்ப் போத்தலைப் பாதியாக்கி வழியில் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். ஜீவனி பக்கற் ஒன்றும் கரைத்தோம். கனடாப் பிள்ளை சொல்கிற 72 மணித்தியாலத்தில் எனக்குத் தேவைப்பட்டது மூன்றரை மணித்தியாலம். இரண்டு இடத்தில் மறித்தார்கள். இரண்டு இடத்திலும் பையைத் திறக்கச் சொல்லாமலே நான் திறந்து பிடித்தேன். கை தானாகச் செய்தது. இரண்டாவது இடத்தில் நின்ற பொடியன், இருபது வயதிருக்கும், “வேண்டாம் அம்மா, போங்கோ” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்தப் பையின் அடி பிய்ந்துவிட்டது. போன மாதம் புதிது வாங்கப் போனேன். புறக்கோட்டைக் கடைக்காரர் மலையகத்துப் பொடியன், கதை நல்லாக வரும்.

“என்ன மாதிரி பை வேணும்ங்க அம்மா? லேப்டாப் வைக்கவா?”

“வேலைக்கு. கொஞ்சம் சாமான் கூட வைப்பன்.”

பத்துப் பை எடுத்துப் போட்டான். நான் ஒவ்வொன்றையும் திறந்து, தலைகீழாகப் பிடித்துக் குலுக்கி, உள் துணியைத் தடவிப் பார்த்தேன். உள் துணி மங்கல் நிறமாக இருக்கவேண்டும், கறுப்பாக இருந்தால் சாமான் தெரியாது, தேடுகிற கைக்குப் பொறுமை போய்விடும். உலோகப் பூட்டு வேண்டாம். பையில் எழுத்து வேண்டாம். ஒரு பையில் உள்ளே இரட்டைத் தையல் போட்ட பொக்கற் இருந்தது. “இது ரகசியப் பாக்கெட்டும்மா, காசு வச்சுக்கலாம்” என்றான். அதை ஒதுக்கி வைத்தேன். இன்னொன்றில் அடித்தட்டு தனியாகக் கழன்றது. அதையும்.

“அம்மா, எல்லாரும் பாக்கெட் இருக்கிற பைதான் கேப்பாங்க. நீங்க இல்லாத பை கேக்குறீங்க” என்று சிரித்தான்.

சாம்பல் நீலத்தில் ஒன்று எடுத்தேன். அகல வாய், ஒற்றைச் சிப். கணக்குப் பிள்ளைக்குப் படம் அனுப்பினேன். பிளாஸ்டிக் உறைக்கு உள்ளே இடம் காணுமா என்று கேட்டாள், காணும் என்றேன். அக்காவின் மகன் அனுப்பிய கறுப்புப் பையை அவளுடைய மகன் ரியூசனுக்குக் கொண்டு போகிறான். ஒளிப்பிடம் எல்லாவற்றிலும் மாபிள் வைத்திருக்கிறானாம்.

இரவு சாமான்களை மாற்றினேன். ரோச், ரப்பர்ச் செருப்பு, ஜீவனி, பனடோல், துவாய்ப் பக்கற். துவாய் எனக்கு இப்போது தேவையில்லாத வயசு. ஆனாலும் மேலே அதுதான். பழைய பையின் அடியில் 2008ஆம் வருடக் கடிதம் ஒன்று மடிப்பில் கிழிந்தபடி கிடந்தது. அடித்துத் தந்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அதைப் புதுப் பையிலேயே வைத்தேன்.

புதுச் சிப் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. சாவடியில் சிப் இறுகினால் கை நடுங்குகிற மாதிரித் தெரியும். மெழுகுதிரித் துண்டு ஒன்றை அதில் மேலும் கீழும் நாலு தரம் தேய்த்தேன். இப்போது நன்றாக ஓடுகிறது.